மில்லுக்குக் கொடுத்த குட்டி

கண்ணாத்தாளிடம் நாய்க்குட்டி கேட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போக வேண்டும். வந்தவர் கையில் குட்டியைத் தூக்கிக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் அவளிடம் இல்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எல்லோரும் வயல் வேலைக்குப் போய்விட்டால் குட்டிக்குத் தண்ணீர் வைப்பது யார், இதற்கு முன்னால் நாய் வளர்த்ததுண்டா, அது என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பதில் பிடிக்கவில்லை என்றால், "இன்னுங் கொஞ்ச நாளு தாய்கிட்டக் கெடக்கட்டும், பெறகு பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அந்தப் பிறகு வரவே வராது.

"ஒம் பொண்ணக் கட்டிக் குடுக்கும்போதுகூட நீ இம்புட்டுக் கேக்கலையே மதினி" என்று பக்கத்து வீட்டு மூக்காயி கேலி பேசுவாள். மூக்காயி, கண்ணாத்தாளின் கணவன் சேவுகனுக்குத் தங்கை.

"அவளுக்கு வாயி இருக்கு. ஆகலைன்னா அறந்தாங்கியிலருந்து பஸ் ஏறி வந்து சொல்லிருவா. இது எங்கிட்டு வந்து சொல்லும்?" என்பாள் கண்ணாத்தாள்.

அரிமளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கண்மாய்க் கரையை ஒட்டின ஊர் அவர்களுடையது. அங்கெல்லாம் நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டியை யாராவது எடுத்துக்கொள்வார்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தைப்பேட்டையில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை. கண்ணாத்தாளின் நாய் செம்பி முதல் ஈற்றுக் குட்டி போட்டபோது சேவுகனும் அப்படித்தான் சாக்கை எடுத்தான். கண்ணாத்தாள் அதைக் கையிலிருந்து வாங்கி, நன்றாக உதறி, குட்டிகளுக்கு அடியில் விரித்துப் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. குட்டிகள் தானாகச் சோறு தின்னுகிற வரையில் வைத்திருந்து, கேட்டு வருகிறவர்களை விசாரித்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பிறகு அந்த வழியாகப் போக நேரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

நயா பைசா என்கிற புதுக்காசு வந்த மறுவருஷம் செம்பி போட்ட ஈற்றில் ஒரு கடுவன், மார்பில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையோடு பிறந்தது. அதைப் புள்ளி என்று கூப்பிட்டார்கள். ஆள் சத்தம் கேட்டால் முதலில் ஓடி வருவது அதுதான். யார் மடியென்று பாராமல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில் அறந்தாங்கியில் மகளுக்குப் பிரசவமானதால் கண்ணாத்தாள் அங்கே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் புள்ளியைக் காணோம்.

"மொதலாளி கேட்டாரு" என்றான் சேவுகன். "மில்லுல காவலுக்கு ஒரு நாய் வேணும்னாரு. இருக்குன்னு தெரிஞ்சு கேக்குறாரு. எப்புடி இல்லைங்கிறது?"

சேவுகன் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். அரிமளத்தில் ஆவுடையப்பன் வைத்திருந்த அரிசி மில்லுக்குச் சுற்று ஊர்களிலிருந்து நெல் ஏற்றிப் போவான். அங்கிருந்து அரிசியைப் புதுக்கோட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோவான். வருஷத்தில் பாதி நாள் அடுப்பு எரிந்தது அந்த வாடகையில்தான். அது கண்ணாத்தாளுக்கும் தெரியும்.

"நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?" என்றாள்.

"மில்லு புள்ள. அரிசிக்கு அங்க என்ன கொறச்ச? நம்ம வீட்டுல திங்கிறதவிட நல்லாத் திங்கும்."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சேவுகன் மில்லுக்குப் போய்வரும் நாளெல்லாம், மாட்டை அவிழ்க்கும்போதே கேட்டுவிடுவாள்.

"புள்ளி எப்புடிங்க இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. வளந்துருச்சு."

மாதங்கள் போயின. அவள் கேட்பதும் அவன் அதையே சொல்வதும் வழக்கமாகிவிட்டன. கொஞ்ச நாளாகச் சேவுகனுக்கு மத்தியானப் பசி அதிகமாகியிருந்தது. தூக்குச்சட்டியில் இன்னும் ஒரு கை சோறு வை, ஒரு கருவாட்டுத் துண்டு சேர்த்து வை என்று சொல்லி எடுத்துக்கொண்டு போவான். உழைக்கிற உடம்பு, சாப்பிடட்டும் என்று அவளும் அமுக்கி வைத்துக் கொடுத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு சந்தை நாள். அறுவடை முடிந்து வேலை குறைந்திருந்தது. புது முறமும் மிளகாய் நாற்றும் வாங்கக் கண்ணாத்தாள் அரிமளம் போனாள். வாங்கி முடித்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் புள்ளியைப் பார்க்காமல் போவதா என்று மில்லுப் பக்கம் நடந்தாள்.

களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆரோக்கியம்மாள் என்ற பெண் பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணாத்தாளுக்கு அவளைக் கோயில் திருவிழாக்களில் பார்த்த பழக்கம் உண்டு.

"நாயா?" என்று ஆரோக்கியம்மாள் பலகையை நிறுத்தினாள். "அதப் பாக்கவா வந்தீங்க? அங்கிட்டு, உமிக் குமிக்குப் பின்னால கெடக்கு. கிட்டப் போயிராதீங்க அக்கா. அது ஆள அண்ட விடாது."

"நான் வளத்த குட்டிதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாத்தாள் போனாள்.

உமிக்குவியலுக்கும் நெல் அவிக்கிற கொட்டகைக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு பக்கம் அடுப்பு அனல், மறு பக்கம் வெயில். அங்கே ஓர் இரும்பு முளையில், மாடு கட்டுகிற சங்கிலியில், புள்ளி கட்டிக் கிடந்தது. எழுந்து நிற்கலாம், படுக்கலாம், அவ்வளவுதான் நீளம். அது சுற்றிச் சுற்றி வந்த மட்டும் தரை வழவழவென்று தேய்ந்திருந்தது. குட்டியாக இருந்தபோது கழுத்தில் போட்ட கயிற்றை யாரும் மாற்றவில்லை. கழுத்து பெருத்துக் கயிறு உள்ளே அழுந்தி, சுற்றிலும் புண்ணாகி, ஈ மொய்த்தது. அலுமினியத் தட்டில் பழைய சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் இல்லை.

மார்பு வெள்ளையைப் பார்த்துத்தான் கண்ணாத்தாளால் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது.

"புள்ளி" என்று கூப்பிட்டாள்.

நாய் தலையைத் தாழ்த்தி உறுமியது.

அவள் திரும்பிப் போய், கொட்டகைத் தொட்டியிலிருந்து ஒரு தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு வந்து தள்ளி வைத்தாள். நாய் ஒரே மூச்சாகக் குடித்தது. குடிக்கும்போது அதன் வால் மெல்ல அசைந்ததைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. தன்னைத் தெரிந்துகொண்டது என்றே நினைத்தாள். குனிந்து, கழுத்துக் கயிற்றை நெகிழ்த்தப் பார்த்தாள். விரல் புண்ணில் பட்டது. அடுத்த கணம் அவளுடைய வலது கை நாயின் வாயில் இருந்தது.

கத்தினாளா என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. ஆரோக்கியம்மாள் ஓடி வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் கொட்டகை ஆட்கள் விறகுக் கட்டையோடு வந்தார்கள்.

"வெறி புடிச்சிருச்சுடா, அடிங்கடா!" என்றான் ஒருவன்.

கண்ணாத்தாள் ரத்தம் ஒழுகும் கையை மடித்துப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். "யாரும் அடிக்காதீங்க. புண்ணுல கைய வச்சது நான். அது மேல என்ன தப்பு?"

அந்த நேரத்தில் சேவுகனின் வண்டி மில்லு வாசலுக்குள் நுழைந்தது. சத்தம் கேட்டு வந்தவன், மனைவியைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், நாயைப் பார்த்தான்.

"மொதல்ல கையக் கழுவுங்க" என்று ஆரோக்கியம்மாள்தான் துணி சோப்பை எடுத்து வந்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

சேவுகன் விறகுக் கட்டைக்காரர்களை விலக்கிக்கொண்டு நாயிடம் போனான். "போகாதீங்க!" என்றாள் கண்ணாத்தாள். ஆனால் புள்ளி உறுமவில்லை. அவன் காலடிச் சத்தம் கேட்டதுமே வயிறு தரையில் பட ஊர்ந்து வந்து, அவன் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. கூடவே அவன் கைகளை மோந்தது. தூக்குச்சட்டி எங்கே என்று தேடுவது போலிருந்தது.

கண்ணாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சேவுகன் மடியிலிருந்த பேனாக்கத்தியால் கயிற்றை இழை இழையாக அறுத்தான். நாய் நடுங்கிக்கொண்டே பொறுத்துக்கொண்டது. கணக்குப்பிள்ளை வந்து, "மொதலாளி ஊருல இல்ல. அவரக் கேக்காம நாய அவுக்கக் கூடாதுப்பா" என்றார்.

"வந்தா எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க" என்றான் சேவுகன். நாயைத் தூக்கி வண்டியில் சாக்கின் மேல் கிடத்தினான்.

அரிமளத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கைக்குக் கட்டுப் போட்டார். "நாளைக்கே புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி போடணும்" என்றவர், வண்டியில் கிடந்த நாயைக் கண்டதும், "இதுவா? நல்லதாப் போச்சு. அடிச்சுக் கொன்னுட்டு வந்துருப்பீங்களோன்னு நெனச்சேன். உசுரோட கட்டி வச்சுப் பாருங்க. வெறி இருந்தா பத்து நாளுக்குள்ள காட்டிரும். இல்லைன்னா ஒங்களுக்கும் பயமில்ல" என்றார்.

வண்டி ஊருக்குத் திரும்பியது. கண்மாய்க் கரை ஏறும்போது கண்ணாத்தாள் கேட்டாள்.

"தூக்குச் சோறு இதுக்குத்தானா?"

சேவுகன் மாட்டைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

"நான் தெனமும் கேட்டேனே. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? மில்லுக்குப் போயி நின்னுருப்ப. மொதலாளி வண்டிய நிப்பாட்டிப்புட்டாருன்னா என்ன பண்றது?" அவன் மாட்டை ஒருமுறை தட்டிவிட்டான். "கணக்குப்பிள்ளகிட்ட ரெண்டு மட்டம் சொல்லிப் பாத்தேன். கட்டியே கெடந்தாத்தான் ரோசம் வரும், ஒனக்கென்ன தெரியும்னுட்டாரு. பெறகு எனக்கு வாயி வரல. போறப்ப வாரப்ப சோத்தையும் தண்ணியையும் வச்சிட்டு வந்தேன். வண்டி போகாத நாளுல அதுக்கு என்ன கெடைச்சுச்சோ. கயிற மாத்திருக்கலாம். அதுகூடத் தோணல எனக்கு."

கண்ணாத்தாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது முழுசாக வரவில்லை. கை விண்விண் என்று தெறித்தது. "வீட்டுக்குப் போயி சீத்தா எலை பறிச்சிட்டு வாங்க. புண்ணுல புழு வச்சிருக்கு" என்றாள்.

மாட்டுக் கொட்டிலின் பின்பக்கத்தைப் புள்ளிக்கு ஒதுக்கினார்கள். நன்றாக நடக்க வருகிற நீளத்துக்குக் கயிறு விட்டு, கழுத்தில் படாமல் மார்பைச் சுற்றித் துணிப்பட்டையாகக் கட்டினான் சேவுகன். வெளியே முள் படல் வைத்து அடைத்தான். செம்பியைப் பிரித்து வீட்டின் முன்பக்கம் கட்டினார்கள். கண்ணாத்தாள் கட்டுப்போட்ட கையோடு தெருவில் வீடு வீடாகப் போய், "கடிச்ச நாய் வீட்டுல இருக்கு. புள்ளைகளக் கொட்டில் பக்கம் விடாதீங்க. தெளிஞ்சப்பறம் நானே வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூக்காயிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "கடிச்ச நாய வீட்டுல வச்சு சோறு போடுறத எங்கயாச்சும் பாத்திருக்கியா அண்ணே? அதுக்கு வெறி இருந்து மதினிக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"அதக் கொன்னுட்டா, இருந்துச்சா இல்லையான்னு யாரு சொல்லுவா?" என்றாள் கண்ணாத்தாள். "இருக்கட்டும் மூக்காயி. எனக்கும் பயந்தான். பயத்தோடயே பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசியின் முதல் ஊசியைப் போட்டார். தினமும் வரச் சொன்னார். வரும்போது நாயின் சேதியையும் கொண்டுவரச் சொன்னார். கண்ணாத்தாள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"நாய் எப்படி இருக்கு? தண்ணி குடிக்குதா? நேத்துக்கும் இன்னைக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?"

இதற்காகவே அவள் விடியற்காலையில் படலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து புள்ளியைக் கவனிப்பாள். அது எழுந்து முதலில் எந்தக் காலை நீட்டுகிறது, எச்சில் ஒழுகுகிறதா, சேவலின் கூவலுக்குக் காதைத் திருப்புகிறதா என்று பார்ப்பாள். தன் உயிர் அதன் குடிதண்ணீரில் இருக்கிறது என்ற பயத்தோடுதான் முதல் இரண்டு நாள் பார்த்தாள். பிறகு, பார்க்கப் பார்க்க, எதற்காகப் பார்க்கிறோம் என்பது மறந்து அதையே பார்க்கத் தொடங்கினாள். தூக்கத்தில் அது கால்களை உதறிக்கொண்டு ஓடுவது போலச் செய்யும். விழித்ததும் கயிற்றின் நீளத்தை அளப்பது போல ஒருமுறை முழுக்க நடந்து பார்க்கும். இவ்வளவு தூரம் போக முடிகிறதே என்று அதற்கே நம்பிக்கை வராதது போல இருக்கும்.

புண்ணைச் சேவுகன்தான் பார்த்துக்கொண்டான். சீத்தா இலையை அரைத்துப் பூசிப் புழுக்களை வெளியேற்றினான். பிறகு கற்பூரத்தைப் பொடித்து வேப்பெண்ணெயில் கரைத்துத் தடவினான். மாட்டைத் தவிர வேறெதன் மேலும் அவன் இவ்வளவு மெதுவாகக் கையை வைத்துக் கண்ணாத்தாள் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் புள்ளி தண்ணீரைத் தொடவில்லை. சட்டியைக் கிட்ட நகர்த்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலைக்குப் போயிற்று. கண்ணாத்தாள் ஓடிப்போய்ச் சேவுகனிடம் சொன்னாள். அவன் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூக்காயிகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள். "நான் மட்டும் போயிட்டு வாரேன். நீங்க இதப் பாத்துக்கிட்டு இருங்க."

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு டாக்டர் அன்றைய ஊசியைப் போட்டார். "சோறு தின்னுச்சா?"

"ராத்திரி தின்னுச்சுங்க."

"சரி. பயப்படாதீங்க அம்மா. நாளைக்கு வரைக்கும் பாப்போம்" என்றார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் மகளைப் பற்றியும், அவள் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பற்றியும் நினைத்தாள். அழுகை வரவில்லை. நாயின் கழுத்தில் கை வைத்ததற்காக வருந்தவும் இல்லை. ஊர் ரோட்டில் பஸ் நிற்கும்போது, புளியமரத்தடியில் சேவுகன் நின்றிருந்தான். பஸ் முழுசாக நிற்பதற்குள் ஜன்னலுக்குக் கீழே ஓடி வந்து, "குடிச்சிருச்சு!" என்றான்.

"என்னது?"

"தண்ணி குடிச்சிருச்சு புள்ள. சட்டி நெறைய குடிச்சிருச்சு." மூச்சு வாங்கினான். "கற்பூர எண்ணெய எடுத்த அதே கையோட தண்ணிச் சட்டியத் தூக்கி வச்சிருக்கேன் நான். தண்ணியெல்லாம் கற்பூர நெடி. கிறுக்கன். மோந்து பாத்தப்பறந்தான் வெளங்குச்சு. வேற சட்டிய நல்லாத் தேச்சு ஊத்தி வச்சேன், நக்கி முடிச்சிருச்சு."

கண்ணாத்தாள் படியிலேயே நின்று சிரித்தாள். கண்டக்டர், "எறங்குங்கம்மா, வண்டி போகணும்ல" என்று சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினாள். அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வரை இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். மில்லிலிருந்து நாயைக் கொண்டுவந்த நாளுக்குப் பிறகு அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெளிவானதும் டாக்டர் ஊசியை நிறுத்தினார். கண்ணாத்தாள் சொன்னபடியே தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கு மறுவாரம் மில் முதலாளி ஆவுடையப்பன் ஒற்றை மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். சேவுகன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிப் பூவரச நிழலில் போட்டான். அவர் உட்கார்ந்து, கண்ணாத்தாளின் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"என்னத்துக்கு ஆத்தா நீயே போயி கைய வச்ச? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா ஆள விட்டு அவுத்துருப்பேன்ல."

"நான் மில்லுக்கு வந்த அன்னைக்கு நீங்க இல்லைங்க" என்றாள் கண்ணாத்தாள். பிறகு, "நாயப் பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

கொட்டிலுக்கு அழைத்துப் போனாள். புள்ளி புதியவரைக் கண்டதும் உறுமி, சேவுகன் கால்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கழுத்தைச் சுற்றி முடி இல்லாமல், சிவந்த தோல் வளையமாகத் தெரிந்தது. ஆவுடையப்பன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் அந்தப் பின்பக்கம் போறதே இல்லப்பா" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகத்தான் சொன்னார். அது பொய்யும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாத்தாள் கொடுத்த மோரைக் குடித்தார். "சரி, கடிச்ச நாயி எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்கங்க. அடுத்த ஈத்துல நல்ல கடுவனா ஒண்ணு குடுங்க. இந்த மட்டம் நல்லாப் பாத்துக்கச் சொல்றேன்."

கண்ணாத்தாள் வாயைத் திறப்பதற்குள் சேவுகன் பேசினான். நின்ற இடத்தில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேசினான். ஆனால் குரல் தடுமாறவில்லை.

"வேணாங்க மொதலாளி. குட்டி குடுக்குறதா இல்ல."

"ஏன்?"

"பாத்துக்கச் சொல்றேங்கிறீங்க. யாருகிட்டச் சொல்லுவீங்க? நீங்க பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிருவீங்க. கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு வேல. கொட்டக ஆளுகளுக்கு அடுப்பு வேல. இது என் நாயின்னு சொல்ல ஒரு ஆளு அங்க இல்லைங்க. அப்புடிப்பட்ட எடத்துல அது எப்புடி இருக்கும்னு நான் கண்ணால பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பாத்தும் பேசாம இருந்தேன். இன்னொரு மட்டம் என்னால ஆகாதுங்க. காவலுக்கு ஒரு ஆளப் போட்டுக்கங்க."

ஆவுடையப்பன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. "சரி" என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போனதும் சேவுகன் கட்டிலில் உட்கார்ந்து முழங்கால்களைத் தடவிக்கொண்டான். "அவசரப்பட்டுட்டனோ?"

"இல்ல" என்றாள் கண்ணாத்தாள். "நான் சொல்ல இருந்ததத்தான் சொன்னீங்க. நான் சொல்லியிருந்தா இம்புட்டுத் தெளிவா வந்திருக்காது."

மில் வாடகை நின்றுபோயிற்று. அந்தக் கோடை முழுவதும் சேவுகன் சூளைச் செங்கல் ஏற்றினான், கண்மாய் வண்டல் அடித்தான். கஞ்சி கொஞ்சம் நீர்த்திருந்தது. மறுபடி நெல் அறுவடை வந்து மில்லில் மூட்டை குவிந்தபோது கணக்குப்பிள்ளை ஆள் விட்டுக் கூப்பிட்டார். சேவுகன் போனான். முதலாளி நாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. உமிக்குவியலுக்குப் பக்கத்தில், தலையில் துண்டு கட்டிய ஒரு காவல்காரர் கம்போடு உட்கார்ந்திருந்தார்.

செம்பிக்குப் பருவம் வந்தபோது கண்ணாத்தாள் அதை வீட்டுக்குள்ளேயே வைத்து, படல் கதவுக்கு இன்னொரு மூங்கில் குறுக்கே போட்டுக் கட்டச் சொன்னாள். குட்டிகள் போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். கொடுக்கத் தகுந்த வீடுகள் எத்தனை என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தால், மடக்க ஒரு விரலுக்குக்கூட வேலை இல்லை. ஏற்கெனவே கொடுத்த குட்டிகளை மட்டும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஒரு வீட்டில் மட்டும் கழுத்துக் கயிற்றைத் தளர்த்தச் சொன்னாள். அந்த வீட்டுக்காரி முதலில் முகத்தைச் சுளித்தாள். கண்ணாத்தாளின் கையிலிருந்த தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்டாள். கேட்டு முடித்ததும் கயிற்றைத் தளர்த்தினாள்.

புள்ளி வேற்றாளிடம் எப்போதும் சேரவில்லை. அதனால் பிள்ளைகள் நடமாடுகிற பகலில் கொட்டிலில் நீளக் கயிற்றில் இருக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் கண்ணாத்தாள் வாசலுக்கே போய், "கொட்டில் பக்கம் போகாதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே விடுவாள். கண்ணாத்தாளிடம் மறுபடி அது நெருங்கி வர நாள் பிடித்தது. ஒரு நாள் அவள் தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து வந்து அவளுடைய கையை மோந்து பார்த்தது. அவள் அசையாமல் இருந்தாள். அது தழும்பை இரண்டு முறை நக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நிழலுக்குப் போய்ப் படுத்தது.

வெளியூர் வாடகைக்குச் சேவுகன் புறப்படும்போது புள்ளியையும் அவிழ்த்துவிடுவான். வண்டி எவ்வளவு மெதுவாகப் போனாலும் அது முன்னால் ஓடாது, பின்னால் தங்காது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, அச்சுக்குக் கீழே விழுகிற நிழலில், வண்டியின் வேகத்துக்கு நடந்துகொண்டே புதுக்கோட்டை வரைக்கும் போகும். வழியில் தண்ணீர்ப் பந்தல் கண்ட இடத்தில் சேவுகன் வண்டியை நிறுத்துவான். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால், குனிந்து கீழே ஒரு சட்டி வைப்பான்.